கொரியப் பல்கலைக்கழகம் ஒன்றில் புங்முல் மேளக் குழுவில் சேர நினைப்பவர்களுக்கு

தென் கொரியாவில் கல்வியாண்டு மார்ச்சில் தொடங்குகிறது. அந்த மாதத்தின் முதல் இரண்டு மூன்று வாரங்கள் வளாகம் முழுக்க மாணவர் குழுக்கள் மேசை போட்டு உட்கார்ந்து ஆள் பிடித்துக்கொண்டிருக்கும். நடனம், ராக் இசை, மலையேற்றம், புகைப்படம் என்று வரிசையாகப் போகும். அதில் ஒரு மேசையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். வெண்கலமும் தோலும் சேர்ந்து அதிரும் இடம் அதுதான், புங்முல் குழு.

புங்முல் என்பது கொரியக் கிராமங்களில் நடவு, களையெடுப்பு, புத்தாண்டுச் சடங்கு இவற்றோடு வளர்ந்த மேள ஆட்டம். அடிப்பவர்களே ஆடுவார்கள், நடப்பார்கள், வட்டம் சுற்றுவார்கள். நோங்காக் என்ற பெயரில் யுனெஸ்கோ இதை 2014இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பல்கலைக்கழகக் குழுக்கள் அதற்கெல்லாம் வெகு முன்பே இதை எடுத்துக்கொண்டுவிட்டன. ராணுவ ஆட்சி நடந்த 1970களிலும் 80களிலும் மாணவர்கள் முதலில் முகமூடி ஆட்டத்தையும், பிறகு புங்முல்லையும் கிராமத்துப் பெரியவர்களிடம் போய்க் கற்றுவந்தார்கள். போராட்ட ஊர்வலங்களின் முன்னால் இந்த மேளம்தான் போயிற்று. இன்றைய குழுக்களில் அந்த அரசியல் பெருமளவு வடிந்துவிட்டது. ஆனாலும் கற்கும் முறை, பழக்கவழக்கம், கோடையில் கிராமத்துக்குப் போவது எல்லாம் அந்தக் காலத்திலிருந்து வந்தவையே. இது தெரிந்திருந்தால் குழுவுக்குள் நடக்கும் பல விஷயங்கள் சட்டென்று புரியும்.

மொழிப் படிப்புக்கோ முதுகலைக்கோ ஆய்வுக்கோ, பரிமாற்ற மாணவராகவோ போகும் யாரும் இதில் சேரலாம். இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான குழுக்களில் தேர்வு எதுவும் கிடையாது. அவர்கள் பார்ப்பதெல்லாம் வாரத்தில் இரண்டு மூன்று மாலைகள் ஒழுங்காக வருவீர்களா என்பதைத்தான். அதற்கு நேரம் இல்லை என்றால் சேராமலிருப்பது நல்லது. அடிக்கடி வராமல் போகும் ஒருவரால் வட்டம் முழுவதுமே தடுமாறும்.

முதலில் எந்த வகைக் குழு என்று பாருங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, கருவியை உடம்பில் கட்டிக்கொண்டு நின்று, நடந்து, ஆடி அடிப்பது. இதுதான் புங்முல். இன்னொன்று, நான்கு கருவிகளோடு தரையில் உட்கார்ந்து, கச்சேரி போல வாசிப்பது. இதற்கு சாமுல்நோரி என்று பெயர். இரண்டாவது பழையதுபோலத் தோன்றினாலும் வயது அதிகமில்லை. 1978 பிப்ரவரியில் சியோலில் ஒரு சிறிய அரங்கத்தில் கிம் தொக்சு, கிம் யோங்பே முதலிய இளம் கலைஞர்கள் கிராம மேளத்தை மேடைக்காகச் சுருக்கி, வேகமாக்கி வாசித்தார்கள். அங்கே தொடங்கியதுதான் அது.

பல பல்கலைக்கழகக் குழுக்கள் இரண்டையும் செய்யும், ஆனால் ஒன்றின் பக்கம் சாய்ந்திருக்கும். கேட்டுவிடுங்கள். உட்கார்ந்து வாசிப்பதில் கைநுட்பத்துக்கு வேலை அதிகம், உச்சிவேகம் சீக்கிரம் வந்துவிடும். நின்று ஆடுவதில் மூச்சுக்கும் காலுக்கும் வேலை. என்னைக் கேட்டால் புதியவர்கள் நின்று ஆடும் குழுவில் தொடங்குவது நல்லது. தாளம் உடம்பில் ஏறிய பிறகு உட்கார்ந்து அடிப்பது எளிது. உட்கார்ந்து மட்டுமே பழகியவர் எழுந்து நடந்தால் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும்.

அப்புறம், குழு எந்த வட்டாரப் பாணியைப் பின்பற்றுகிறது என்பதையும் கேளுங்கள். சியோலைச் சுற்றியுள்ள கியொங்கி, சுங்சொங் பகுதியின் உத்தாரி, தென்கிழக்கின் யொங்னாம், தென்மேற்கு ஜொல்லாவின் ஹோனாம் ஆகியவை பெரிய பிரிவுகள். ஹோனாமுக்குள்ளேயே மலைப்பக்கத்து 'இடது', சமவெளிப்பக்கத்து 'வலது' என்று இரண்டு உண்டு. சமவெளிப் பாணியில் ஜாங்கு மேளத்தின் நுணுக்கம் அதிகம். மலைப் பாணி வேகமானது, தனி வித்தையைவிடக் கூட்டாக ஆடுவதற்கு இடம் கொடுப்பது. மாணவர் குழுக்களுக்கு மலைப் பாணி பிடித்துப்போனதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். ஒரே தாளத்துக்கு இரண்டு பாணியில் இரண்டு அடி இருக்கும் என்பதால், யூடியூபில் பார்த்து ஒன்றைக் கற்றுக்கொண்டு போய் நின்றால் "அது எங்கள் பாணி இல்லை" என்று சிரிப்பார்கள். முன்கூட்டியே கற்றுக்கொண்டு போகாதீர்கள்.

பல்கலைக்கழகம் முழுமைக்குமான மையக் குழு, துறை அல்லது கல்லூரி அளவிலான சிறு குழு என்றும் ஒரு பிரிவு உண்டு. மையக் குழுவில் ஆட்கள் அதிகம், கருவிகள் நன்றாக இருக்கும். சிறு குழுக்கள் பல இடங்களில் ஆள் இல்லாமல் மெலிந்துவிட்டன. ஆனால் அங்கே நீங்கள் முதல் மாதத்திலேயே ஏதாவது ஒரு நிகழ்ச்சியில் நின்றாக வேண்டியிருக்கும். கூச்சம் போவதற்கு அது நல்ல வழி.

சேர்வது எப்படி

மார்ச்சில் தவறவிட்டால் இரண்டாம் பருவம் தொடங்கும் செப்டம்பரில் மறுபடியும் ஆள் சேர்ப்பார்கள். மேசைக்குப் போய் பெயர் கொடுப்பது ஒரு வழி. குழுவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் விண்ணப்ப இணைப்பு இருக்கும், அது இன்னொரு வழி. ஆனால் எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. மாணவர் மன்றக் கட்டடத்தில் குழுவின் அறை இருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் போய்க் கதவைத் தட்டுங்கள். அந்த நேரத்தில் யாராவது நிச்சயம் இருப்பார்கள். வகுப்பு நேரத்தில் மேளம் அடிக்க விடமாட்டார்கள் என்பதால் பயிற்சி எல்லாம் மாலையில்தான்.

கொரிய மொழி கொஞ்சமாவது வேண்டும். பயிற்சி முழுக்க கொரிய மொழியில் நடக்கும், அறிவிப்புகள் காக்காவோடாக் என்னும் கைப்பேசிச் செய்திச் செயலியின் குழுவில் வரும். ஆனால் தாளத்தைக் கற்றுத்தர மொழி அவ்வளவு தேவைப்படாது என்பதால், மற்ற குழுக்களைவிட இங்கே வெளிநாட்டு மாணவர் ஒட்டிக்கொள்வது சுலபம். பருவத்துக்கு ஒரு சிறு தொகை சந்தாவாக வாங்குவார்கள். உங்களைவிட முன்னால் சேர்ந்தவர் சன்பே. வயதில் நீங்கள் மூத்த ஆய்வு மாணவராக இருந்தாலும், மேளத்தில் அவர்தான் மூத்தவர். இருபது வயதுப் பெண் முப்பது வயதுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்துவது அங்கே சாதாரணம்.

எந்தக் கருவியைக் கையில் எடுப்பது

நான்கு முக்கியக் கருவிகள். குவெங்குவாரி உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய வெண்கலத் தட்டு. இடது கையில் பிடித்து, வலது கையிலுள்ள சிறு குச்சியால் அடிப்பார்கள். பிடித்திருக்கும் கையின் விரல்கள் பின்பக்கம் தொட்டும் விட்டும் ஓசையை அடக்கும். பாதி வித்தை அந்த விரல்களில்தான் இருக்கிறது. குழுவின் தலைவர், அதாவது சாங்ஸ்வே, இதை வைத்துத்தான் எல்லாரையும் நடத்துவார். எப்போது தாளம் மாற வேண்டும், எப்போது வேகம் கூட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை எல்லாம் இந்தத் தட்டு சொல்லும். ஆகவே புதியவர் கையில் இதைத் தரமாட்டார்கள். கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள்.

ஜிங் பெரிய வெண்கலத் தட்டு. துணி சுற்றிய கொட்டாப்பிடியால் நடுவில் அடித்தால் ஓசை அலையலையாக எழுந்து வெகுநேரம் நிற்கும். ஒரு சுற்றில் சில அடிகள் மட்டுமே இருப்பதால் சுலபம் என்று நினைத்துப் பலர் இதைக் கேட்பார்கள். கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும். எடையும் அதிகம். மேலும், சில தாளங்களுக்கு ஒரு சுற்றில் விழும் ஜிங் அடிகளின் எண்ணிக்கையை வைத்தே பெயர். மூன்றடி, ஏழடி என்று. அடி தப்பினால் சுற்றே தொலைந்துபோகும்.

புக் பீப்பாய் வடிவ மேளம். ஒரே குச்சி. புதியவர்களுக்கு இதையோ ஜாங்குவையோதான் கொடுப்பார்கள். புக்கில் அடிகள் குறைவு, ஒவ்வோர் அடியும் கனமாக விழ வேண்டும். மெல்ல அடிப்பவருக்கு இங்கே வேலையில்லை.

ஜாங்குதான் கற்க ஆகும் காலம் அதிகம், கற்ற பிறகு பிரிய மனம் வராது. உடுக்கை வடிவம், ஆனால் பெரியது. வலது பக்கத்துத் தோலில் மெல்லிய மூங்கில் குச்சியால் அடிப்பார்கள். அது யொல்சே. இடது பக்கத்துத் தோல் தடிமனானது, கீழ்ஸ்தாயி பேசும். அதற்கு உருண்டைத் தலை கொண்ட குங்சே. நின்று ஆடும்போது இடது கைக் குச்சி மேளத்தைத் தாண்டி வலது பக்கத் தோலிலும் போய் விழும். பார்ப்பவர்கள் வாய்பிளக்கும் இடம் அது. மேளத்தைச் சுற்றியுள்ள கயிறுகளில் தோல் வளையங்கள் கோத்திருக்கும். அவற்றை நகர்த்தினால் கயிறு இறுகிச் சுருதி ஏறும். மழைக்காலத்தில் தோல் தொய்ந்துபோய் ஓசை மந்தமாகும்போது இதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

என் ஆலோசனை, முதல் பருவத்துக்கு புக், இரண்டாம் பருவத்துக்கு ஜாங்கு. நேராக ஜாங்குவுக்குப் போனால் இரண்டு கைகளைப் பற்றிய கவலையிலேயே கால்களை மறந்துவிடுவீர்கள். பாடம் கற்பிக்கும் சன்பே ஜாங்குவைக் கையில் திணித்தால் மறுக்க வேண்டாம், அவருக்குக் காரணம் இருக்கும்.

கருவி எதையும் வாங்காதீர்கள். குழுவிடம் இருக்கும். வாங்க வேண்டியவை இரண்டே. ஒன்று, உங்களுக்கென்று ஒரு ஜோடி குச்சி. யொல்சே அடிக்கடி உடையும். இன்னொன்று, காதடைப்பான். இதை அலட்சியப்படுத்தாதீர்கள். மூடிய அறையில் நாலைந்து குவெங்குவாரிகள் ஒன்றாக அடிக்கும்போது செவி தாங்காது. பழைய ஆட்கள் போட்டுக்கொள்வதில்லை என்பதற்காக நீங்களும் போடாமலிருக்க வேண்டாம்.

வாய், முட்டி, கடைசியாகக் கை

முதல் வாரங்களில் குச்சியே கையில் வராமல் போகலாம். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தாளத்தை வாயால் சொல்வார்கள். ஜாங்குவில் இரண்டு பக்கமும் சேர்ந்து விழுந்தால் 'தொங்', இடது பக்கம் மட்டும் விழுந்தால் 'குங்', வலது பக்கம் மட்டும் விழுந்தால் 'தா'. சில குழுக்களில் 'தொக்' என்பார்கள். ஜதி சொல்லிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. தவிலோ மிருதங்கமோ கற்றிருந்தால் இந்த இடத்தில் மற்றவர்களைவிட முந்திவிடுவீர்கள்.

வாயால் சரியாக வராதது கையால் வராது. ஆகவே பேருந்தில், நூலக வாசலில், சோறு வேகும்போது, எங்கேயும் சொல்லிப் பழகுங்கள். இதற்கு இடமும் கருவியும் வேண்டாம், சத்தம் வருகிறது என்று யாரும் புகார் கொடுக்கமாட்டார்கள்.

அடுத்தது முட்டி. முட்டியை லேசாக மடக்கி நிமிர்த்தும் அசைவுக்கு ஓகும் என்கிறார்கள். அடி விழும்போது உடம்பு இறங்கும், அடிகளுக்கு நடுவே மூச்சோடு எழும். நிற்கும்போதும் நடக்கும்போதும் உட்கார்ந்து அடிக்கும்போதும் இந்த ஏற்றஇறக்கம் நிற்கக்கூடாது. வெறுங்கையோடு ஒரு மணி நேரம் இதை மட்டும் செய்யச் சொல்லும் குழுக்கள் உண்டு. சலிப்பாக இருக்கும், தொடையில் வலி கண்டு மறுநாள் படியிறங்க முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது பேர் ஒரே நேரத்தில் அடிப்பது காதால் கேட்டு நடப்பதில்லை. கேட்டு அடித்தால் ஒவ்வொருவரும் ஒரு இழை பின்தங்குவார்கள். எல்லாருடைய முட்டியும் ஒன்றாக இறங்குவதால்தான் அடியும் ஒன்றாக விழுகிறது. வட்டத்தில் எதிரே நிற்பவரின் முட்டியைப் பார்த்தாலே தாளம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இது பிடிபட்ட பிறகு குச்சி. கையை வேகமாக்க முயலாதீர்கள். குச்சியை உயர்த்தி, எடையோடு விழவிடுங்கள். விரல் இடுக்கில் கொப்புளம் வரும். டேப் ஒட்டிக்கொள்ளலாம். கொப்புளம் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று பொருள்.

தாளங்கள் எந்த வரிசையில் வரும்

பல குழுக்களில் முதலில் ஹுவிமோரி. நான்கு எண்ணிக்கை கொண்ட வேகத் தாளம். தொங், தொங், குங்தா, குங். ஒரு மாலையில் வந்துவிடும். வேகமாக அடிப்பதுதான் பின்னாளைய பிரச்சினை.

அடுத்தது ஜாஜின்மோரி. தொங், தொங், தொங்தா, குங்தா. இதுவும் நான்கு எண்ணிக்கைதான், ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று துடிப்புகள். நம் கணக்கில் திஸ்ர நடை. பாப் பாட்டிலும் ராக்கிலும் ஊறியவர்கள் 'குங்தா'வை இரண்டு சம பாதியாக வெட்டிவிடுவார்கள். வெட்டியவுடன் தாளம் மார்ச் பாஸ்ட் ஆகிவிடும், முட்டிக்கு எழ நேரமிருக்காது. மூன்றாகப் பிரிக்கும் துடிப்பு மனதில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதைக் கடந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

குத்கொரி இதே மூன்று துடிப்புகளை மெதுவாக்கியது. மெதுவானது என்பதால் சுலபம் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். இரண்டு அடிகளுக்கு நடுவில் உள்ள வெற்றிடத்தை உடம்பால் நிரப்ப வேண்டும். தோள் எழும்பி இறங்கும் ஆட்டம் இங்கேதான் வரும். கொரியத் தாளத்தின் ருசி எனக்கு இதில்தான் அதிகம்.

பியொல்தால்கொரி என்று ஒன்று, மாணவர்களுக்கு மிகப் பிடித்தது. சற்று அடித்து, நிறுத்தி, எல்லாரும் சேர்ந்து ஒரு வரியைக் கத்துவார்கள். வானத்தைப் பார்த்து விண்மீன் பறிப்போம், மண்ணைப் பார்த்து உழுவோம், இந்த ஆண்டும் விளைச்சல், வரும் ஆண்டும் விளைச்சல் என்று போகும். இதைக் கொரிய மொழியில் மனப்பாடம் செய்துவிடுங்கள். கத்துவதில் தயங்கினால் அடியும் தயங்கும்.

நடுநடுவே "ஓல்சு!", "ஜோத்தா!" என்று குரல் கொடுப்பதும் வாசிப்பின் பகுதிதான். பார்வையாளர்களும் கொடுப்பார்கள். எங்கே கொடுப்பது என்று யாரும் சொல்லித்தரமாட்டார்கள். முதலில் மற்றவர்களோடு சேர்ந்து கத்துங்கள், பிறகு தானாக வரும்.

பயிற்சி அறையில் கவனிக்க வேண்டியவை

கருவியைத் தாண்டிக் காலை வைக்காதீர்கள். சுற்றிப் போங்கள். பல குழுக்களில் இதற்குக் கண்டிப்பு உண்டு. ஜிங்கைச் சும்மா தட்டிப் பார்க்காதீர்கள். பயிற்சி முடிந்ததும் ஜாங்குவின் கயிற்றைத் தளர்த்துவதா, அப்படியே விடுவதா என்று கேட்டுச் செய்யுங்கள், அறைக்கு அறை பழக்கம் மாறும். புதியவர்கள் கருவி தூக்குவது, தரையைக் கூட்டுவது எல்லாம் எதிர்பார்க்கப்படும். சன்பேக்களும் கூடவே செய்தால் அது நல்ல குழு. உட்கார்ந்து வேலை மட்டும் ஏவினால் வேறு குழுவைப் பாருங்கள்.

இடைத்தேர்வும் இறுதித்தேர்வும் வரும் வாரங்களில் பயிற்சி நின்றுவிடும். அந்த இடைவெளியில் முட்டி மறந்துபோகும், அதற்கு வழியில்லை.

கோடையில் கிராமத்துக்குப் போவது

உண்மையில் குழுவில் சேர்வது என்றால் இதுதான். கோடை விடுமுறையில், சில குழுக்கள் குளிர்கால விடுமுறையிலும், ஒரு வாரம் போலக் கிராமத்துப் பயிற்சி மையத்தில் போய்த் தங்குவார்கள். இதற்கு ஜொன்சு என்று பெயர். மாணவர்கள் மத்தியில் பெயர்பெற்றது ஜொல்லாவின் இம்சில் மாவட்டத்தில் மலைகளுக்கு நடுவே உள்ள பில்போங் கிராமம். மேலே சொன்ன மலைப்பக்கத்து ஹோனாம் பாணியின் ஊர். இதன் மேளத்தை அரசு 1988இல் முக்கியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. அந்த ஊரின் சாங்ஸ்வேயாக இருந்த யாங் சுன்யோங் 1995இல் காலமாகும்வரை மாணவர்களுக்குக் கதவைத் திறந்துவைத்தவர். அவரிடம் கற்றுப் போன மாணவர்கள் வழியாகத்தான் ஒரு சிறிய மலைக்கிராமத்தின் தாளம் நாடெங்கும் பல்கலைக்கழகங்களில் கேட்கத் தொடங்கியது. இப்போது அவர் மகன் யாங் ஜின்சொங் அந்த மரபை நடத்துகிறார்.

ஜொன்சுவில் பல பல்கலைக்கழகங்களின் குழுக்கள் ஒரே நேரத்தில் தங்கியிருக்கும். காலையில் எழுந்ததிலிருந்து இரவுவரை மேளம். கருவிவாரியாகப் பிரித்துக் காலையில் பாடம், மதியம் பாடம், மாலையில் எல்லாரும் சேர்ந்து ஆட்டம். வளாகத்தில் ஒரு பருவம் முழுக்க வராத 'குங்தா' இங்கே இரண்டாம் நாள் வரும். காரணம் எளிது. வளாகத்தில் கற்றுத்தருபவர் உங்களைவிட ஓரிரு ஆண்டு மூத்த மாணவர். இங்கே கற்றுத்தருபவருக்கு இதுவே வாழ்க்கை. அவர் ஒரு அடி எடுத்துவைத்தாலே வித்தியாசம் தெரியும்.

என்ன கொண்டுபோவது? ஜூலை, ஆகஸ்டில் கொரியக் கிராமம் புழுக்கமும் மழையும். மாற்றுத்துணி தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு முறை நனைந்துபோகும். அடிப்பாகம் மெல்லிய ரப்பர் காலணி, கொசு மருந்து, கைக்கு டேப், காதடைப்பான், வலி நிவாரணக் களிம்பு. ஒரு குறிப்பேடும் பேனாவும். பாடத்தை வீடியோ எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்தாலும் அன்று இரவே வாயால் சொல்லி எழுதிவையுங்கள், ஊருக்குத் திரும்பிய பிறகு வீடியோவில் கையைப் பார்த்து முட்டியைப் புரிந்துகொள்ள முடியாது.

சாப்பாடு எல்லாருக்கும் ஒன்றாகச் சமைப்பார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே குழுவின் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். சொன்னாலும் குழம்பில் நெத்திலிச் சாறு இருக்கக்கூடும், கிம்ச்சியில் மீன் சாறு இருக்கக்கூடும். பருப்புப் பொடியும் ஊறுகாயும் பையில் இருந்தால் நிம்மதி.

ஒரு பருவம் மட்டும் தங்கும் பரிமாற்ற மாணவராக இருந்து, ஜூனில் ஊர் திரும்ப வேண்டியிருந்தால், முடிந்தால் விமானச் சீட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு ஜொன்சுவுக்குப் போய்விட்டு வாருங்கள். விசா காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுழலும் நாடாத் தொப்பி

படங்களில் பார்த்து எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். தலையில் தொப்பி, அதன் உச்சியில் நீளமான வெள்ளை நாடா, அது காற்றில் வட்டம் போடும். சாங்மோ என்பார்கள். பெரும்பாலும் சோகோ என்னும் கைப்பிடி வைத்த சிறு மேளக்காரர்கள் அணிவது. கழுத்தைச் சுழற்றினால் சுழலும் என்று நினைப்பீர்கள். கழுத்துதான் வலிக்கும். அதையும் முட்டிதான் சுழற்றுகிறது. உடம்பு ஏறி இறங்கும் விசை தலை வழியாக நாடாவுக்குப் போகிறது. ஒரே பக்கம் சுற்றுவது முதல் பாடம், இரண்டு பக்கமும் மாற்றிமாற்றிச் சுற்றுவது அடுத்தது. 12 பாக நீளம் (ஒரு பாகம் என்றால் இரு கைகளையும் விரித்த அளவு) என்று சொல்லப்படும் மிக நீண்ட நாடாவைச் சுற்றுவது தனிக்கலைஞர் வேலை, மாணவர்களில் அரிதாகவே வரும். முதல் ஆண்டில் சாங்மோவைத் தொடாமலிருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. நாடா வேண்டாதவர்கள் பெரிய காகிதப்பூக்கள் வைத்த கோக்கால் தொப்பியை அணிந்துகொண்டு ஆடலாம், அதுவும் அழகு.

நிகழ்ச்சி நாள்

மே மாதத்தில் பல்கலைக்கழகத் திருவிழா. பல இடங்களில் தேதோங்ஜே என்று பெயர். இலையுதிர் காலத்தில் குழுவின் சொந்த நிகழ்ச்சி. சில குழுக்கள் சந்திர ஆண்டின் முதல் பௌர்ணமியை ஒட்டி அக்கம்பக்கத்துக் கடைகள், வீடுகள் முன்னால் போய் நிலத்து ஆவிகளை மிதித்து அடக்கி நல்லது நடக்க வேண்டிக்கொள்ளும் சடங்கையும் செய்யும். மூன்றில் எது கிடைத்தாலும் விடாதீர்கள்.

உடை கட்டவே நேரமாகும். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, மேலே தோளிலும் இடுப்பிலும் சிவப்பு, நீலம், மஞ்சள் பட்டைகள். கணுக்காலையும் கட்டுவார்கள். சீக்கிரம் போய் வேறொருவரைக் கொண்டு கட்டிக்கொள்ளுங்கள். ஜாங்கு அடிப்பவர்கள் தோள், இடுப்புத் துணிக்கட்டை மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்க வேண்டும். குதித்துப் பார்த்து மேளம் ஆடினால் அவிழ்த்து மறுபடியும் கட்டுங்கள். தளர்ந்த ஜாங்கு தொடையில் மோதிமோதிக் கன்றிப்போகும். கண்ணாடி அணிபவர்கள் நாடா போட்டுக் கட்டிக்கொள்வது நல்லது.

முதலில் கொடிகள் போகும், பின்னால் குவெங்குவாரி, ஜிங், ஜாங்கு, புக், சோகோ. கூடவே வேடக்காரர்கள். நிலப்பிரபு, வேட்டைக்காரன், மணப்பெண், துறவி என்று வேடம் போட்டுக்கொண்டு கூட்டத்தை வம்புக்கிழுப்பது அவர்கள் வேலை. கருவி இன்னும் கைவரவில்லை என்றால் வேடம் கேட்டு வாங்குங்கள். மட்டமான வேலை இல்லை அது. நல்ல வேடக்காரர் இல்லாத ஆட்டம் உப்புச்சப்பில்லாமல் போகும். தேப்யோங்சோ என்னும் சீவாளிக் குழல் ஊதுபவர் ஒருவர் இருந்தால் மொத்தமும் வேறு தளத்துக்குப் போய்விடும். ஆனால் மாணவர் குழுக்களில் அவர் அபூர்வம்.

ஊர்வலமாக வந்து, மைதானத்தில் வட்டம் கட்டி, வட்டம் சுருண்டு சுருண்டு உள்ளே போய், மறுபடி விரிந்து வெளியே வரும். சுருளும்போது முன்னால் போகிறவரின் குதிகாலை மட்டும் பாருங்கள். தவறான அடி விழுந்தால் நிறுத்தாதீர்கள், முகத்தைச் சுளிக்காதீர்கள். வாயால் சொல்லிக்கொண்டே ஒரு சுற்று ஆடிவிட்டு உள்ளே நுழையுங்கள். கடைசியில் பார்வையாளர்கள் வட்டத்துக்குள் வந்து ஆடுவார்கள். வராவிட்டால் கையைப் பிடித்து இழுத்து வருவதும் உங்கள் வேலைதான்.

முடிந்ததும் துவிப்புரி, அதாவது பின்விருந்து. மக்கொல்லி என்னும் அரிசிக் கள்ளும், வெங்காயத்தாள் போட்ட பாஜொன் அடையும் வரும். அடையில் பெரும்பாலும் கணவாயோ இறாலோ இருக்கும், சைவக்காரர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். குடிக்காதவர்கள் முதல் நாளிலேயே குடிப்பதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டு கோப்பையில் சைடரை (அங்கே அது மது கலக்காத சோடா பானம்) ஊற்றிக்கொள்ளலாம். இப்போதெல்லாம் வற்புறுத்தல் குறைந்துவிட்டது. மூத்தவர் ஊற்றினால் இரண்டு கையாலும் வாங்குங்கள், நீங்களும் இரண்டு கையால் ஊற்றுங்கள். அன்றைய ஆட்டத்தில் யார் எங்கே தடுமாறினார்கள், எந்த இடம் நன்றாக வந்தது என்ற பேச்சு எல்லாம் இங்கேதான் நடக்கும். களைப்பாக இருந்தாலும் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

ஆண்டு முடியும்போது அடுத்த ஆண்டுப் பொறுப்புகளைப் பிரிப்பார்கள். குழுத் தலைவர், சாங்ஸ்வே, ஜாங்கு பொறுப்பாளர் என்று. இரண்டாம் ஆண்டில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். வெளிநாட்டு மாணவர் என்பதற்காக உங்களை விட்டுவிடமாட்டார்கள். ஆய்வேட்டுக் காலம் நெருங்குகிறது என்றால் டிசம்பருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். எடுப்பதாக இருந்தால், மார்ச்சில் அந்த மேசையில் உட்கார்ந்து மேளம் அடிக்கப் போவது நீங்கள்தான், கையுறை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சியோலில் மார்ச்சிலும் நன்றாகக் குளிரும்.